சந்திரகிரியும் அம்புலிமாமாவும்

கதை கேட்கும் விருப்பம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. அவ்விருப்பத்துள்ளும் தனிச் சுவை ஒன்று உண்டு. நடந்ததைக் கேட்டு மகிழ்வோர் பலர். நடக்கவே இயலாத ஒன்றைக் கேட்டு, 'அது நடந்தால் என்ன ஆகும்?' என்று எண்ணி மகிழ்வோர் சிலர். பறக்கும் குதிரை, பேசும் பிணம், காலத்தைக் கடக்கும் பொறி, வேற்றுக் கோளில் வாழும் உயிர் ஆகியவை அந்தச் சிலரின் செல்வங்கள். இவற்றுள் முன்னிரண்டை மாயக்கதை என்றும், பின்னிரண்டை அறிவியல் புனைகதை என்றும் இன்று பிரித்து வழங்குகிறோம்.

இச்சுவையில் ஊறிய ஒருவரைக் கண்டு, "இவ்விருப்பம் உமக்கு எங்கே தொடங்கிற்று?" என்று வினவினால், ஏதேனும் ஓர் ஆங்கில நூலின் பெயரைச் சொல்வார் என்றே எதிர்பார்ப்போம். ஆனால் வேங்கட மலையைச் சூழ்ந்த ஊர்களில் வளர்ந்து, பிழைப்பின் பொருட்டுப் பல திசைகளுக்கும் சென்று குடியேறிய தமிழரிடம் இவ்வினாவைத் தொடுத்தால், பெரும்பாலும் ஒரே சொல்தான் விடையாக வரும்: "அம்புலிமாமா." அவ்விடைக்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு இருக்கின்றது. அது இருமொழி பேசும் ஓர் எல்லை நாட்டின் வரலாறு. தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத பிள்ளைகள் அவ்வெழுத்தை எவ்வாறு அடைந்தனர் என்னும் வரலாறுமாகும். அதனைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலவு மலை

திருப்பதிக்குத் தென்மேற்கே, பாகாலைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் சந்திரகிரி. நிலவு மலை என்பது அப்பெயரின் பொருள். திருக்காளத்தியில் பொன்முகலி என்று நம் முன்னோர் அழைத்த சுவர்ணமுகி ஆறு இவ்வூரின் அருகே ஓடுகின்றது. மலையடியில் கோட்டையும், அதனுள் இராச மகால், இராணி மகால் என்னும் மாளிகைகளும் இன்றும் நிற்கின்றன. 1565-ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் வீழ்ச்சியுற்ற விசயநகரப் பேரரசு, பெனுகொண்டாவுக்குப் பின் தன் தலைமையிடமாகக் கொண்டது இவ்வூரையே. 1639-ஆம் ஆண்டு வங்கக் கடற்கரையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு இடமளித்த தாமர்ல நாயக்கர்கள், இந்த அரச மரபினருக்கு உட்பட்டவர்களே. சந்திரகிரி அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த அந்தச் சிறு மணல்வெளி பின்னாளில் சென்னை மாநகரமாயிற்று. அச்சகங்களும் படப்பிடிப்பு நிலையங்களும் நிறைந்த நகரமாயிற்று. அந்த அச்சகங்களிலிருந்து கதைகள் புறப்பட்டுச் சந்திரகிரிக்கே மீண்டு வந்ததைப் பின்னர்க் காண்போம்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் கூறும் நல்லுலகின் வட எல்லையாகக் கூறுவது வேங்கடத்தை. எல்லை என்பது பிரிக்கும் கோடு மட்டுமன்று. இரு நிலங்கள் தொடும் இடமும் அதுவே. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்துள்ளன. கிருட்டிணதேவராயர் தாம் அளித்த கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மொழிகளில் அங்கே பொறித்து வைத்தார். ஒரே செய்தியைப் பல எழுத்துகளில் பக்கம் பக்கமாக எழுதி வைப்பது இம்மலைக்குப் பழைய வழக்கம். இவ்வழக்கத்தை மனத்திற் கொண்டால், நாம் சொல்லப்போகும் செய்தி தெளிவாக விளங்கும்.

ஆட்சி எல்லைகள் இங்கே பலமுறை மாறின. வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பெற்றது. 1953-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து சென்றது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி தமிழகத்திற்கு மீண்டது. சந்திரகிரி, திருப்பதி, சித்தூர் ஆகியவை ஆந்திரத்திலேயே நிலைத்தன. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஓர் அடியும் பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர். வீட்டில் தமிழும், தெருவிலும் பள்ளியிலும் தெலுங்குமாக அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தனர். பேச்சுத் தமிழ் தாயின் வாயிலிருந்து வந்தது. எழுத்துத் தமிழ் எங்கிருந்து வரும் என்பதே அவ்வீடுகளின் கவலை.

எந்திர யானையும் மயிற்பொறியும்

மாயக்கதைச் சுவை மேலைநாட்டார் நமக்கு அளித்தது என்று கருதுவாரும் உளர். பழைய நூல்களை ஒரு முறை புரட்டினாலே அக்கருத்து நில்லாது என்பது விளங்கும். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயையை மயில் வடிவில் அமைந்த வான்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அப்பொறியை முறுக்கினால் மேலெழும், எதிராக முறுக்கினால் கீழிறங்கும் என்று அதன் இயக்கத்தையும் திருத்தக்கதேவர் கருதிப் பார்க்கிறார். மந்திரத்தால் பறந்தது என்று சொல்லியிருந்தால் அது மாயக்கதை. பொறியால் பறந்தது என்று சொல்லி, அப்பொறியை இயக்கும் முறையையும் காட்டியதால் அது அறிவியல் புனைகதையின் வாயிலில் வந்து நிற்கின்றது. உதயணன் கதையில், யானை வேட்டையில் பெருவிருப்புடைய அவ்வரசனைப் பிடிக்கப் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்து, அதனுள் வீரரை மறைத்து வைக்கிறான். மணிமேகலையின் அமுதசுரபியோ, பசி இல்லாத உலகம் எவ்வாறு இருக்கும் என்னும் பெருங்கனவின் வடிவம்.

உதயணன் கதையைத் தமிழில் பாடியவர் கொங்குவேளிர். அவருடைய பெருங்கதைக்கு மூலம், குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை. அந்தப் பிருகத்கதையின் மற்றொரு வழித்தோன்றல், பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்தில் சோமதேவர் வடமொழியில் செய்த கதாசரித்சாகரம். விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து செல்லும் இருபத்தைந்து கதைகள் அந்நூலினுள் அடங்கியுள்ளன. எனவே, உ.வே.சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்து நம் கையில் தந்த பெருங்கதையும், பின்னாளில் பிள்ளைகள் கையில் தவழ்ந்த வேதாளக் கதையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. காப்பியம் புலவர் வீட்டுப் பேழையில் இருந்தது. வேதாளம் பாமரர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

பெரிய எழுத்துக் கதைகள்

திண்ணைக்கு வந்த வழி அச்சகத்தின் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னையிலிருந்து 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியுடன் மலிவான கதை நூல்கள் பெருகி வந்தன. விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராசன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியவை அவ்வரிசையின. இவற்றை வெளியிட்டோருள் பெயர் பெற்றவர் இரத்தின நாயகர் குடும்பத்தார். மாலையில் விளக்கொளியில் மூத்தோர் படிப்பதற்கென்றே பருத்த எழுத்தில் அச்சிடப்பெற்ற அந்நூல்கள், கோயில் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் கடை விரித்து விற்கப்பட்டன. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அக்கால முறை. தெலுங்கில் மதிர சுப்பன்ன தீட்சிதர் தொகுத்த காசி மஜிலி கதைகள் அதே இடத்தைப் பெற்றிருந்தன. காசிக்கு நடந்து செல்லும் வழியில் தங்குமிடந்தோறும் சொல்லப்படும் வியப்புக் கதைகள் அவை.

ஆயினும் இந்நூல்கள் பெரியோர்க்கென எழுந்தவை. அவற்றின் நடை கரடுமுரடானது. பத்தி பிரியாத அச்சு. சிறுவர்க்கு ஏலாத பகுதிகளும் உண்டு. பிள்ளைகள் அவற்றைக் கேட்டனர். தாமே எடுத்துப் படித்தல் அரிதாயிருந்தது. கேட்டு மகிழ்ந்த பிள்ளை படித்து மகிழும் பிள்ளையாக மாறுவதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது.

வடபழனியில் எழுந்த நிலவு

அக்கருவி 1947-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றியது. கடப்பை மாவட்டத்துப் பொட்டிப்பாட்டில் பிறந்த பி.நாகிரெட்டியும், தெனாலியைச் சேர்ந்த எழுத்தாளர் சக்கரபாணியும் கூடி, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் 'சந்தமாமா' என்னும் சிறுவர் திங்களிதழைத் தெலுங்கில் தொடங்கினர். அதனோடு ஒட்டியே 'அம்புலிமாமா' தமிழில் வெளிவந்தது. நாடு விடுதலை பெறுதற்குச் சில வாரங்களே இருந்த காலம் அது. இரு பெயர்க்கும் பொருள் ஒன்றே: குழந்தைக்குச் சோறூட்டும் தாய் விரலால் சுட்டிக்காட்டும் நிலா மாமன். பின்னர் இவ்விதழ் கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் முதலிய பல மொழிகளிலும், 1955 முதல் ஆங்கிலத்திலும் விரிந்தது. வடபழனியில் ஆர்க்காடு சாலையில் அமைந்த அதன் கட்டடம், பல மொழிக்கும் ஒரே அடுக்களையாக விளங்கிற்று.

அங்கே பணி செய்தோரைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். 1952 முதல் 1980-இல் தாம் மறையும் வரை தெலுங்குச் சந்தமாமாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தவர் கொடவடிகண்டி குடும்பராவ். அவர் இயற்பியல் பயின்றவர், பகுத்தறிவு நோக்குடையவர், அறிவியல் பற்றியும் கட்டுரைகள் பல எழுதியவர். பேயும் பூதமும் உலவும் கதைகளைத் திருத்தி அமைத்த கை, இயற்பியல் பயின்ற ஒருவரின் கை என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. தொடர்கதைகளை எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். 1954-இல் வந்த 'தோகச்சுக்க' என்னும் அவருடைய முதல் தொடரின் பெயர்க்கு வால்மீன் என்பது பொருள். வானில் தோன்றிய வால்மீனைக் கண்டு தொடங்கும் வியப்பு, கடலும் காடும் கோட்டையும் கடந்து திங்கள்தோறும் வளர்ந்தது. அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்விதழில் பணியாற்றினார். அவர்தம் பெயரோ பல ஆண்டுகள் வாசகர்க்குத் தெரியாமலே இருந்தது.

ஓவியர்களுள் தி.வே.இராகவன் என்னும் 'சித்ரா', எம்.டி.வி.ஆசாரியா, வட்டாதி பாப்பையா, 'சங்கர்' என்னும் கே.சி.சிவசங்கரன் ஆகியோர் தலைசிறந்தவர். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்த சங்கர் தீட்டிய ஓவியம் ஒன்றை மறந்தவர் இலர்: கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், சுடுகாட்டு இருளில் நிமிர்ந்து நடக்கும் மன்னன். திங்கள்தோறும் அதே ஓவியம் வரும். திங்கள்தோறும் புதிய கதை வரும். 1955-இல் தொடங்கிய அவ்வரிசை, சோமதேவரின் இருபத்தைந்து கதைகளோடு நில்லாமல், வேறு கதைகளுக்கும் வேதாளத்தின் வாயைக் கொடுத்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

ஒரு படம், இரண்டு எழுத்து

எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் படங்கள் பொதுவானவை. கதையும் ஒன்றே, எழுத்து மட்டும் வேறு. சென்னையிலோ மதுரையிலோ இருந்த வாசகர் இதனை அறிய வாய்ப்பில்லை. அவர் கண்டது தமிழ்ப் பதிப்பை மட்டும். சந்திரகிரியிலும் சித்தூரிலும் நிலை வேறு. பள்ளித் தோழன் வீட்டில் சந்தமாமா. தன் வீட்டில் அம்புலிமாமா. தெலுங்கில் படித்தறிந்த கதையின் அதே படத்தைத் தமிழ்ப் பதிப்பில் காணும் பிள்ளை, படத்தின் கீழுள்ள சொல் இன்னதாகத்தான் இருத்தல் வேண்டும் என்று ஊகித்தது. ஊகித்த சொல்லால் எழுத்தை அறிந்தது. அறிந்த எழுத்தால் அடுத்த சொல்லை எட்டியது. இருமொழிக் கல்வெட்டு ஒன்றைக் கொண்டு அறியா எழுத்தை அறிஞர் படித்தறியும் முறை இதுவேயன்றோ? மும்மொழியில் கொடை பொறித்த மலையின் அடிவாரத்தில், பிள்ளைகள் இரு திங்களிதழ்களை அருகருகே விரித்து வைத்துத் தாய்மொழி எழுத்தைக் கற்றனர்.

இங்கே மாயக்கதைக்கு ஒரு தனிப் பயன் உண்டு. பாட நூலில் 'அம்மா, ஆடு, இலை' என்று இருந்தால், பிள்ளைக்கு அதனை முயன்று படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்து வருவது என்னவென்று அறியும் ஆவலும் இல்லை. மலைக்குகையுள் அகப்பட்ட இளவரசன் பிழைத்தானா என்பதை அறிய வேண்டுமானால், எழுத்துக் கூட்டியாவது படித்தே தீரவேண்டும். 'தொடரும்' என்னும் ஒரு சொல் செய்த தமிழ்த் தொண்டு அளவிடற்கரியது. அச்சம் கலந்த ஆவல் ஆசிரியராக நின்று எழுத்தறிவித்தது. பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்து அட்டை கட்டி, அடுத்துப் பிறந்த பிள்ளைக்கென வைத்த குடும்பங்கள் பல.

வேதாளத்தின் வினா

இனி, மாயக்கதை படித்த பிள்ளை அறிவியல் புனைகதைக்கு எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம். வேதாளக் கதைகளின் அமைப்பைக் கருதுக. வேதாளம் கதை சொல்லி முடித்தபின் வினா எழுப்பும். விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடித்துச் சிதறும் என்று எச்சரிக்கும். மன்னன் விடை கூறுவான். அவனது மௌனம் கலைந்ததால் வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். வடமொழி நூல் அம்மரத்தைச் சிஞ்சபா என்கிறது. தமிழர் அதனைத் தம் கொல்லைப்புற முருங்கையாக்கிப் பழமொழியும் ஆக்கிவிட்டனர். ஆக, அக்கதையின் உயிர் மாயத்தில் இல்லை. மாயத்தின் முடிவில் எழும் வினாவில் இருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. கலை கற்ற உடன்பிறந்தார் நால்வர் காட்டில் ஓர் எலும்புத் துண்டைக் காண்கின்றனர். ஒருவன் அதில் தசையை வளர்க்கிறான். ஒருவன் தோலையும் மயிரையும் சேர்க்கிறான். ஒருவன் உறுப்புகளை நிறைவு செய்கிறான். நான்காமவன் உயிர் கொடுக்கிறான். எழுந்தது சிங்கம், நால்வரையும் கொன்று தின்றது. குற்றம் யாருடையது என்பது வேதாளத்தின் வினா. உயிர் கொடுத்தவனுடையது என்பது மன்னன் விடை. ஏனெனில், மற்ற மூவரும் அது எவ்விலங்கு என்று அறியாமல் தம் கலையைக் காட்டினர்; நான்காமவனோ கண்ணெதிரே நின்ற சிங்க வடிவைக் கண்டும் உயிர் கொடுத்தான்.

1818-இல் ஆங்கிலப் பெண்மணி மேரி செல்லி எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினத்தை அறிவியல் புனைகதையின் தொடக்கமாகக் கொள்வோர் பலர். பிண உறுப்புகளை இணைத்து உயிர் கொடுத்த அறிவியலறிஞனுக்கு, தான் படைத்ததன் செயலுக்குப் பொறுப்பு உண்டா என்பதே அப்புதினத்தின் உள்ளீடு. ஏழு நூற்றாண்டுக்கும் முன்பே சோமதேவர் ஏட்டில் எழுந்த வினாவும் அதுதான். அணுவைப் பிளந்தவர் குற்றவாளியா, அதனைக் குண்டாக்கியவர் குற்றவாளியா என்று இருபதாம் நூற்றாண்டு கேட்டபோது, சிந்திக்கப் பழகும் பருவத்திலேயே அவ்வினாவைக் கேட்டுவிட்டவர் அம்புலிமாமா வாசகர்.

மற்றொரு கதையில், இருவர் தலைகளை உடல் மாற்றிப் பொருத்திவிடுகிறாள் ஒருத்தி. அவர்களுள் அவள் கணவன் யார் என்பது வினா. தலையே தலைமையான உறுப்பு, ஆதலின் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது விடை. இக்கதையைக் கொண்டு செருமானிய எழுத்தாளர் தாமசு மான் 1940-இல் ஒரு குறும்புதினம் எழுதினார். 1971-இல் கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' நாடகத்தைக் கன்னடத்தில் அமைத்தார். மனிதன் என்பவன் மூளையா, உடலா என்னும் ஆராய்ச்சியை உறுப்பு மாற்று அறுவை முறை தோன்றுமுன்னரே வேதாளம் தொடங்கி வைத்துவிட்டது.

வெண்திரையில் வியப்பு

நாகிரெட்டியும் சக்கரபாணியும் இதழாளர் மட்டும் அல்லர். விசயா நிறுவனத்தின் படத் தயாரிப்பாளருமாவர். கே.வி.ரெட்டி இயக்கிய 'பாதாள பைரவி' 1951-இலும் 'மாயா பஜார்' 1957-இலும் தெலுங்கு, தமிழ் இரு மொழிகளிலும் வெளிவந்தன. முன்னதன் கதை காசி மஜிலி கதைகளின் சாயல் பெற்றது. பின்னதில் வரும் பிரியதர்சினி என்னும் பேழை நினைவிற்கொள்ளத்தக்கது. மூடியைத் திறந்தால், காண்பவர் உள்ளம் விரும்பும் பொருளோ ஆளோ அதனுள் தோன்றும்; காதலர் தொலைவிலிருந்தே ஒருவரையொருவர் கண்டு மகிழ்வர். இன்று கடல் கடந்து வாழும் மகன் முகத்தைக் கையகலத் திரையில் காணும் நம் தாய்மார்க்கு அப்பேழை புதுமையன்று. இதழில் படித்ததைத் திரையிலும், திரையில் கண்டதை இதழிலும் தேடும் பழக்கம் எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்தது. அந்த நாகிரெட்டியே 1980-களின் தொடக்கத்தில் திருமலை திருப்பதி தேவத்தான அறங்காவலர் குழுவின் தலைவராகவும் விளங்கினார்.

கே.வி.ரெட்டியிடம் உதவி இயக்குநராகப் பயின்றவர் சிங்கீதம் சீனிவாசராவ். அவர் 1991-இல் 'ஆதித்தியா 369' என்னும் தெலுங்குப் படத்தை எடுத்தார். எச்.ஜி.வெல்சு 1895-இல் எழுதிய 'கால இயந்திரம்' புதினத்தின் தூண்டலால் எழுந்தது அது. அதில் வரும் பொறி பயணியரை முதலில் அழைத்துச் செல்லும் இடம் எது? கிருட்டிணதேவராயரின் அரசவை. வெல்சின் பொறியில் ஏறி விசயநகரத்தில் இறங்குவது என்பது, அயல்நாட்டு வித்தை நம் மண்ணில் வேர் கொண்டதற்குத் தக்க சான்று. சந்திரகிரிக் கோட்டையை நாள்தோறும் கடந்து பள்ளி சென்ற பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் அண்டை வீட்டுப் பயணம்.

இரும்புக்கையும் ஜீனோவும்

தமிழில் அறிவியலை எளிய உரைநடையில் சொல்லும் முயற்சியைப் பெ.நா.அப்புஸ்வாமி நெடுங்காலம் நடத்தி வந்தார். தமிழ்வாணனின் 'கல்கண்டு' துணுக்குகளாக அறிவியற் செய்திகளைத் தூவியது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் முதல் இதழின் தலைவன் இரும்புக்கை மாயாவி, ஆங்கிலச் சிறுவர் இதழிலிருந்து வந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் தெரியும் அவனுக்கு. மந்திரத்தால் மறைந்த வேதாளத்திற்கும் மின்சாரத்தால் மறைந்த மாயாவிக்கும் இடையே இருப்பது ஒரு படி. அந்தப் படியில் ஏறிய பிள்ளைகளே அறிவியல் புனைகதையின் வாசகராயினர்.

அவர்களுக்காக எழுதியவர் சுஜாதா. 1980-களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', எதிர்காலத்தில் நடப்பதாக அமைந்தது. அதன் தலைவி பெயர் நிலா. அவளுக்குத் துணை நிற்பது ஜீனோ என்னும் எந்திர நாய். பேசும் விலங்கு தமிழ் வாசகர்க்குப் பஞ்சதந்திரத்திலிருந்தே பழக்கமானது. ஆதலின் ஜீனோ பேசியபோதும், நூல்களைப் படித்துத் தானே சிந்தித்தபோதும் வாசகர் திடுக்கிடவில்லை, வரவேற்றனர். எந்திரம் சிந்தித்தால் அதற்கு உயிர் உண்டா என்று அந்நாய் வழியாகச் சுஜாதா எழுப்பிய வினா, வேதாளம் எழுப்பிய வினாக்களுக்குத் தம்பி முறையுடையது.

நிலவுக்குச் சென்ற வழி

1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் மாந்தர் நிலவில் இறங்கினர். நிலா மாமனின் பெயரால் இதழ் தொடங்கி அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலர் கேட்டனர்: நிலவில் கல்லும் புழுதியுமே உள்ளன என்று தெரிந்தபின் மாமன் கதைக்கு இடம் ஏது என்று. இடம் குறையவில்லை, பெருகிற்று. 1971-இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி எழுந்தது. அங்கிருந்தே 2008-இல் சந்திரயான் ஒன்று புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர். 2023-ஆம் ஆண்டு ஆகசுட்டு 23-ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கிய சந்திரயான் மூன்றின் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தைச் சேர்ந்தவர்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பெற்றபோது, சந்திரகிரியும் சிறீஹரிகோட்டாவும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. நிலவின் பெயர் தாங்கிய மலையும், நிலவுக்குக் கலம் செலுத்தும் தீவும் ஓர் எல்லைக்குள் அடங்கின. சந்திரகிரியிலிருந்து சித்தூர் செல்லும் திசையில் உள்ள காதங்கியில், விண்ணை நோக்கி அலைகளைச் செலுத்தி வளிமண்டலத்தை ஆராயும் பெரிய ரேடார் நிலையம் 1990-களிலிருந்து இயங்குகின்றது. மாயம் பேசிய நிலம் அறிவியலும் பேசுகின்றது. இரண்டுக்கும் தாய் வியப்பு, தந்தை வினா.

நம்முன் உள்ள கடமை

அம்புலிமாமா இன்று வருவதில்லை. 1998-இல் தொழிலாளர் சிக்கலால் நின்று, பின் மீண்டு, 2007-இல் கைமாறி, 2010-களின் முற்பகுதியில் வெளிவருவது ஓய்ந்தது. நின்றது ஓர் இதழ் மட்டும் அன்று. தமிழ்ப் பள்ளி இல்லாத ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு அது பள்ளியாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் மந்திரப் பள்ளிக் கதைகளையும் விண்மீன் போர்களையும் ஆங்கிலத்தில் படித்தும் பார்த்தும் மகிழ்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. வியப்பு எம்மொழியில் வரினும் வியப்பே. ஆயினும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். வியப்பு எம்மொழியில் முதலில் வந்து சேர்கிறதோ, அம்மொழியே பிள்ளையின் கனவு மொழியாகின்றது. வீட்டில் பேசும் தமிழ் உண்ணவும் உறங்கவும் அழைக்கும் மொழியாக மட்டும் சுருங்கினால், அடுத்த தலைமுறையில் அதுவும் நில்லாது.

செய்யக்கூடியவை அரியவை அல்ல. பழைய தொகுப்புகளைப் பேழையில் வைத்திருப்போர் அவற்றைச் சங்க நூலகத்திற்கு வழங்கலாம். திங்களுக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டி, வேதாளக் கதை ஒன்றைத் தமிழில் படித்துக் காட்டி, விடையைச் சொல்லாமல் வினாவோடு நிறுத்தலாம். விடையைப் பிள்ளைகள் தமிழில் கூறட்டும். தப்பும் தவறுமாகக் கூறினும் கூறட்டும். தெலுங்கு நண்பர் வீட்டுப் பிள்ளைகளும் உடன் அமர்ந்தால் மேலும் நன்று. இக்கதைகள் தொடக்க முதலே அவர்களுக்கும் நமக்கும் பொதுச் செல்வம். எழுத வல்லோர், கோளும் எந்திரமும் வரும் புதுக்கதைகளைப் பிள்ளைகளுக்கென எளிய தமிழில் எழுதித் தரலாம்.

விடை தெரிந்தும் கூறாதிருத்தல் குற்றம் என்பது வேதாளம் விக்கிரமாதித்தனுக்கு விதித்த நெறி. கதை தெரிந்தும் பிள்ளைக்குச் சொல்லாதிருத்தல் நமக்கு அதே குற்றமாகும். வேதாளம் முருங்கை மரத்தில்தான் இருக்கிறது. மீண்டும் ஒருமுறை இறக்கித் தோளில் இட்டுக்கொள்வோமாக.